அரைத்த இறைச்சிச் சமையலில் கொழுப்பையும் கலோரியையும் குறைத்தல்

க.பொ.த. (சாதாரண தரம்) – மனைப்பொருளியல் / சுகாதாரமும் உடற்கல்வியும்



போசணை, உணவு சமைக்கும் முறைகள், தொற்றா நோய்கள் ஆகிய மூன்றையும் நீங்கள் தனித்தனிப் பாடங்களாகப் படித்திருப்பீர்கள். வினாத்தாளில் இவை ஒன்றாகக் கலந்து வரும்போதுதான் பலர் தடுமாறுகின்றனர். “இதய நோயாளி ஒருவர் உள்ள குடும்பத்துக்கு அரைத்த இறைச்சி கொண்டு ஓர் உணவைத் திட்டமிடுக” என்று கேட்டால், “எண்ணெயைக் குறைக்க வேண்டும்” என்ற ஒரே வரியோடு விடையை முடித்துவிடுவார்கள். அது பிழையான விடையன்று. ஆனால் எந்த இடத்தில், எவ்வளவு, எந்த முறையால் குறைப்பது என்பது அதில் இல்லை. அந்த மூன்றையுமே இப்பாடத்தில் நோக்குவோம். உங்களிற் பலர் வீட்டில் ஏற்கெனவே சமைக்கிறீர்கள் என்பதையும் நான் அறிவேன். ஆகவே இது பரீட்சைக்கு மட்டுமான பாடமன்று.

சீகிரியாக் குன்றும் ஒரு ரோல்ஸும்

மாத்தளை மாவட்டப் பாடசாலைகளில் கல்விச் சுற்றுலா என்றதும் முதலில் நினைவுக்கு வரும் இடம் சீகிரியா. கி.பி. 477 முதல் 495 வரை ஆட்சி செய்த காசியப்ப மன்னனின் கோட்டை அது. 1982இல் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வரலாற்றுப் பாடத்துக்கு இவ்வளவு போதும். நமக்கு வேண்டியது குன்றின் உயரம். சுற்றியுள்ள சமவெளியிலிருந்து அது ஏறத்தாழ 180 மீற்றர் எழுந்து நிற்கிறது. ஏறும் படிகள் ஏறத்தாழ 1200.

ஏறி இறங்கி வந்த களைப்பில், “இவ்வளவு ஏறினோமே, இனி எதைச் சாப்பிட்டாலும் கரைந்துவிடும்” என்று சொல்லிக்கொண்டு ஆளுக்கு இரண்டு இறைச்சி ரோல்ஸ் சாப்பிடுவது வழக்கம். இது சரியா என்று கணித்துப் பார்ப்போம். விஞ்ஞான பாடத்தில் நீங்கள் கற்ற சமன்பாடே போதும்.

50 கிலோகிராம் திணிவுள்ள மாணவர் ஒருவர் 180 மீற்றர் உயரம் ஏறுகிறார். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால், செய்த வேலை = 50 × 10 × 180 = 90,000 யூல், அதாவது 90 கிலோயூல். நமது தசைகள் உணவிலிருந்து பெறும் சக்தி முழுவதையும் வேலையாக மாற்றுவதில்லை. ஏறத்தாழ 20 முதல் 25 வீதமே வேலையாகிறது. எஞ்சியது வெப்பமாகிறது. வியர்ப்பது அதனால்தான். எனவே உடல் உண்மையில் செலவிடுவது 360 முதல் 450 கிலோயூல் வரை. 4.2 ஆல் வகுத்தால் 86 முதல் 107 கிலோகலோரி. (பேச்சில் “கலோரி” என்று சொல்வது இந்தக் கிலோகலோரியைத்தான். விடைத்தாளில் அலகை முழுமையாக எழுதுங்கள்.)

இனி ரோல்ஸைப் பார்ப்போம். ஒரு ரோல்ஸில் காபோவைதரேட்டு 25 கிராம், புரதம் 7 கிராம், கொழுப்பு 14 கிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காபோவைதரேட்டும் புரதமும் கிராமுக்கு 4 கிலோகலோரியும் கொழுப்பு கிராமுக்கு 9 கிலோகலோரியும் தருகின்றன. இந்த 4, 9, 4 என்ற எண்களை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரிசோதனைகள் மூலம் நிலைநாட்டியவர் அமெரிக்க இரசாயனவியலாளர் அட்வாட்டர். அதன்படி,

25 × 4 = 100
7 × 4 = 28
14 × 9 = 126
மொத்தம் 254 கிலோகலோரி.

ஒரேயொரு ரோல்ஸின் சக்தியைச் செலவிட அந்த மாணவர் சீகிரியாவில் இரண்டு மூன்று தடவை ஏறவேண்டும்! இரண்டு ரோல்ஸ் என்றால் நீங்களே கணித்துக்கொள்ளுங்கள். அந்த 254இல் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு கொழுப்பிலிருந்து வருவதையும் கவனியுங்கள். ஆகவே உடற்பயிற்சியால் ஈடுசெய்துவிடலாம் என்று நம்பியிருப்பதைவிட, சமையலறையிலேயே கொழுப்பைக் குறைப்பது எளிது.

நாளொன்றுக்கு எவ்வளவு கொழுப்பு ஏற்றது? மொத்தச் சக்தியில் 30 வீதத்துக்கு மேல் கொழுப்பிலிருந்தும், 10 வீதத்துக்கு மேல் நிரம்பிய கொழுப்பிலிருந்தும் வரக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவருக்கு இது ஏறத்தாழ 67 கிராம் கொழுப்பாகும். மேற்சொன்ன இரண்டு ரோல்ஸில் 28 கிராம் உண்டு. நாள் முழுவதற்கும் உரியதில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரு தேநீர் வேளையிலேயே முடிந்துவிடுகிறது.

அந்த 14 கிராம் எங்கிருந்து வந்தது?

இதுவே இப்பாடத்தின் மையம். “இறைச்சியில் கொழுப்பு அதிகம்” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். வீட்டில் 500 கிராம் அரைத்த மாட்டிறைச்சி கொண்டு 20 ரோல்ஸ் செய்வதாகக் கொள்வோம்.

இறைச்சி 20 வீதம் கொழுப்புள்ளது என்றால், அதில் 100 கிராம் கொழுப்பு. தாளிக்க மூன்று மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய். ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 14 கிராம் என்பதால் 42 கிராம். பொரிப்பதற்குத் தாச்சியில் 500 மில்லிலீற்றர் எண்ணெய் ஊற்றினோம். பொரித்து முடிந்து ஆறிய பின் அளந்தால் 350 மில்லிலீற்றர் எஞ்சியிருந்தது. மறைந்த 150 மில்லிலீற்றரும் எங்கே போயிற்று? மிகப் பெரும்பகுதி ரோல்ஸுக்குள்ளேதான். அதன் திணிவு ஏறத்தாழ 138 கிராம்.

மொத்தம் 280 கிராம். 20 ஆல் வகுத்தால் ரோல்ஸ் ஒன்றுக்கு 14 கிராம்.

இப்போது மூன்று எண்களையும் ஒப்பிடுங்கள். இறைச்சியின் கொழுப்பு 100. நாம் ஊற்றிய எண்ணெய் 180! குற்றம் சாட்டப்படுவது இறைச்சி. பெரிய பங்கு எண்ணெய்ப் போத்தலுடையது. கொழுப்புக் குறைந்த இறைச்சியைத் தேடி வாங்கிவிட்டு வழக்கம்போலப் பொரித்தெடுத்தால் பாதிப் பயன்கூடக் கிட்டாது என்பது இதிலிருந்து தெளிவாகும். (அளவுகள் வீட்டுக்கு வீடு வேறுபடும். உங்கள் வீட்டில் பொரிக்கும் நாளில் எண்ணெயை முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். செய்முறைப் பதிவேட்டுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.)

இறைச்சிக் கடையில்

துண்டு இறைச்சியில் கொழுப்பு வெள்ளைப் பட்டையாகத் தெரியும், வெட்டி எறியலாம். அரைத்த பின் அது சிறு மணிகளாகத் தசையோடு கலந்துவிடுவதால் கண்ணுக்குப் புலப்படாது, கத்திக்கும் அகப்படாது. அரைத்த இறைச்சிக்கு உரிய தனிச் சிக்கல் இதுதான். கடைகளில் வெட்டி ஒதுக்கிய ஓரத்துண்டுகளும் அரைவையில் சேர்வதுண்டு.

ஆகவே முன்கூட்டியே அரைத்து வைத்ததை வாங்காமல், தொடைப்பகுதித் துண்டொன்றைத் தெரிந்தெடுத்து, வெளிக்கொழுப்பை நீக்கச் சொல்லி, கண்முன்னே அரைத்து வாங்குவது நல்லது. கொழுப்பு 20 வீதமுள்ள அரைத்த மாட்டிறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 254 கிலோகலோரி உண்டு. 5 வீதமுள்ளதில் ஏறத்தாழ 135 மட்டுமே. புரதமோ 17 கிராமிலிருந்து 21 கிராமாக உயர்கிறது. அதே நிறைக்குச் சக்தி பாதி, புரதம் கூடுதல்.

“நாங்கள் மாட்டிறைச்சி உண்பதில்லை, கோழிதான், ஆகவே பிரச்சினை இல்லை” என்று சிலர் கூறுவர். தோலுடன் அரைத்த கோழிக்கு இது பொருந்தாது. கோழித்தோலின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பாகும். தோலை உரித்த பின் அரைக்கச் சொல்லுங்கள். ஆட்டிறைச்சிக்கும் மாட்டிறைச்சிக்குச் சொன்னதே பொருந்தும்.

பொதியிட்ட உணவுகளின் முகப்பில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிற அடையாளங்களைப் பார்த்திருப்பீர்கள். இலங்கையில் இது 2016இல் பானங்களின் சீனிக்கென வந்து, 2019இல் ஏனைய உணவுகளின் சீனி, உப்பு, கொழுப்பு என்பவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் இறைச்சிக் கடையில் தாளில் சுற்றித் தரும் அரைத்த இறைச்சியில் நிறமும் இல்லை, எண்ணும் இல்லை. அங்கே உங்கள் கண்ணே துணை: வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தால் கொழுப்பு அதிகம், கடுஞ்சிவப்பாக இருந்தால் குறைவு.

தாச்சியில்

நம் வீடுகளின் வழக்கம் என்ன? முதலில் எண்ணெய், பின் வெங்காயம், கறிவேப்பிலை, இறம்பை, இஞ்சி, உள்ளி, தூள் வகைகள், கடைசியில் இறைச்சி. துண்டுக் கறிக்கு இந்த ஒழுங்கு சரி. அரைத்த இறைச்சிக்கு ஒழுங்கைத் தலைகீழாக்க வேண்டும்.

வெறும் தாச்சியைச் சூடாக்கி, எண்ணெய் விடாமல் இறைச்சியை இட்டு, அகப்பையால் கட்டிகளை உடைத்துக்கொண்டே வறுங்கள். மாட்டுக் கொழுப்பும் ஆட்டுக் கொழுப்பும் ஏறத்தாழ 40 பாகை செல்சியசுக்கு மேல் உருகுவன. ஆகவே சில நிமிடங்களில் இறைச்சி தன் கொழுப்பைத் தானே வெளிவிடும், அடியும் பிடிக்காது. கட்டி எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு மேற்பரப்பளவு கூடும். கொழுப்பு வெளியேறுவதும் கூடும். அரைத்திருப்பதால் கொழுப்பு மறைந்தது என்றோமல்லவா? அதே காரணத்தால்தான் அதை எளிதில் உருக்கி எடுக்கவும் முடிகிறது.

சிவப்பு நிறம் முற்றாக மாறி இறைச்சி பழுப்பாகத் தொடங்கியதும் உலோக வடிதட்டில் கொட்டி வடியுங்கள். கொழுப்பு அதிகமான இறைச்சியாயின், இவ்வாறு வறுத்து வடிப்பதால் அதன் கொழுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீங்கும். நமது 500 கிராமில் 33 கிராம். ஏறத்தாழ 300 கிலோகலோரி. இன்னும் குறைக்க விரும்பினால், வடிதட்டில் உள்ள இறைச்சியின் மேல் சுடுநீரை ஊற்றிக் கழுவலாம். பச்சைத் தண்ணீர் கூடாது. கொழுப்பு உறைந்து இறைச்சியிலேயே ஒட்டிக்கொள்ளும். வடிந்த கொழுப்பைக் கழுவுதொட்டியிலும் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துவிடும். பழைய தகரப் பேணியொன்றில் சேர்த்து, உறைந்த பின் அகற்றுங்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. விடையில் எழுதினால் விளங்கிப் படித்தவர் என்பது தெரியும். மிளகாயின் உறைப்பு, மஞ்சளின் நிறம், கறுவா, கராம்பு, ஏலம் ஆகியவற்றின் வாசம் என்பவற்றுக்குக் காரணமான பதார்த்தங்கள் நீரைவிடக் கொழுப்பிலேயே நன்கு கரைவன. தூளைப் போட்ட பின் வடித்தால் கொழுப்போடு சுவையும் போய்விடும். ஆகவே வடித்த பின்னரே தூள் இடவேண்டும். “வடித்தால் கறி சப்பென்று இருக்கும்” என்று வீட்டில் முறையிடுவதற்குப் பெரும்பாலும் இந்த ஒழுங்குப் பிழையே காரணம். வடித்த இறைச்சியை ஒதுக்கிவைத்து, அதே தாச்சியில் ஒட்டியிருக்கும் சிறிதளவு கொழுப்பிலேயே வெங்காயம், உள்ளி, தூள்களை வதக்கி, பின்னர் இறைச்சியைச் சேருங்கள். தனி எண்ணெய் தேவைப்படாது. மிளகு, சாதிக்காய், கறுவா விளையும் மாவட்டத்தில் இருக்கும் நமக்குச் சுவைக்குக் கொழுப்பையே நம்பவேண்டிய அவசியமும் இல்லை.

கழுவினால் சத்தும் போய்விடாதா? நல்ல கேள்வி. புரதமும் இரும்பும் தசை இழைகளோடு பிணைந்திருப்பதால் பெரும்பாலும் தங்கிவிடும். நீரில் கரையும் பி வகை விற்றமின்களில் ஒரு பகுதி வெளியேறும். அதையும் மீட்க ஒரு வழி உண்டு: வடிந்த சாற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கொழுப்பு மேலே தகடாக உறையும். தகட்டை எடுத்து எறிந்துவிட்டு, அடியில் உள்ள சாற்றைக் கறியில் ஊற்றுங்கள்.

இவ்விடயத்தைப் பற்றி 1991இல் போஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் ஸ்மோலும் அவருடன் பணியாற்றியோரும் ஒரு மருத்துவ சஞ்சிகையில் கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் செய்தது முதலில் விசித்திரமாகத் தோன்றும். அரைத்த இறைச்சியைத் தாவர எண்ணெயில் சூடாக்கினர்; பின் கொதிநீரால் கழுவினர்; வடிந்த சாற்றிலிருந்து கொழுப்பைப் பிரித்துவிட்டு, சாற்றை மட்டும் மீண்டும் இறைச்சியில் சேர்த்தனர். கொழுப்பைக் குறைக்க எண்ணெய் சேர்ப்பதா? காரணம் கொலஸ்திரோல். அது கொழுப்பிழையத்தில் மட்டும் இருப்பதில்லை. தசைக் கலங்களின் மென்சவ்விலும் உண்டு. ஆகவே வெறுமனே உருக்கி வடிப்பதால் கொழுப்பு குறையும் அளவுக்குக் கொலஸ்திரோல் குறையாது. எண்ணெயில் அது கரையும். கரைந்ததை எண்ணெயோடு சேர்த்துக் கழுவி நீக்கலாம். நிரம்பிய கொழுப்பும் கொலஸ்திரோலும் இரண்டுமே இதனால் குறைந்தன. வீட்டில் இவ்வளவு எண்ணெயைச் செலவழிப்பது கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. ஆனால் “கொழுப்பும் கொலஸ்திரோலும் ஒன்றே” என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிட இந்த ஆய்வு உதவும்.

கறியாகச் சமைப்பதாயின் தேங்காய்ப்பாலையும் கணக்கில் எடுங்கள். எண்ணெய் விடாமல் வறுத்து, வடித்து, கழுவிய பின் ஒரு கோப்பை தடித்த முதற்பாலை ஊற்றினால் நீக்கிய கொழுப்பு வேறு வாசலால் திரும்பி வருகிறது. தேங்காய்க் கொழுப்பின் பெரும்பகுதி நிரம்பியது என்பதையும் மறவாதீர்கள். இரண்டாம் பாலே போதும். அல்லது தக்காளியை மசித்துச் சேர்க்கலாம்.

பொரிக்கும்போது

ரோல்ஸ், கட்லட், பற்றிஸ் எல்லாம் நம்மவர் பொரித்தே பழகியவை. பொரிக்கும்போது உணவிலுள்ள நீர் ஆவியாகி வேகமாக வெளியேறும். அந்த ஆவி எண்ணெயை உள்ளே நுழைய விடாது. எண்ணெயிலிருந்து எடுத்த பின்தான் ஆவி ஒடுங்கி, மேற்பரப்பில் ஒட்டியுள்ள எண்ணெய் பாண்தூளின் நுண்துளைகளுக்குள் உறிஞ்சப்படுகிறது. எனவே எடுத்த உடனேயே, சூடாக இருக்கும்போதே, நிமிர்த்தி வைத்து வடியவிட்டு, தாளால் ஒற்ற வேண்டும். ஆறிய பின் ஒற்றுவதில் பயன் குறைவு. எண்ணெய் சூடாகுமுன் இட்டாலும், ஒரே தடவையில் அதிகமாக இட்டு வெப்பநிலையைக் குறைத்தாலும், பொரிய நேரமெடுத்து எண்ணெய் கூடுதலாகச் சேரும்.

ஆழமாகப் பொரிக்காமலே செய்ய முடியுமானால் அதுவே மேல். வெதுப்பி உள்ள வீட்டில் எண்ணெய் தடவி வெதுப்பலாம். இல்லாத வீட்டில் தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் பூசி, திருப்பித் திருப்பி முறுகவிடலாம். கட்லட்டை உருண்டையாகப் பிடிக்காமல் தட்டையாகத் தட்டினால் இந்த முறை நன்றாக வரும். பொரித்த ரோல்ஸின் மொறுமொறுப்பு அப்படியே வரும் என்று நான் சொல்லமாட்டேன். வராது. ஆனால் எண்களைப் பாருங்கள்: வறுத்து வடித்த இறைச்சியின் கொழுப்பு 67 கிராம், தாளிப்பு எண்ணெய் இல்லை, கல்லில் பூச இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் 28 கிராம், மொத்தம் 95. ரோல்ஸ் ஒன்றுக்கு 14 கிராமாக இருந்தது ஏறத்தாழ 5 கிராமாகிறது. இருபது ரோல்ஸிலுமாக 185 கிராம் கொழுப்பு, அதாவது 1665 கிலோகலோரி குறைந்துவிட்டது. இறைச்சியின் அளவில் ஒரு கிராமும் குறைக்கவில்லை.

இறைச்சியோடு சேர்ப்பவை

இறைச்சியின் ஒரு பகுதிக்குப் பதிலாக வேறு பொருள் சேர்ப்பது புதிய யோசனையன்று. வட இந்திய ஷாமி கபாபில் கடலைப்பருப்பையும், தமிழ்நாட்டுக் கோலா உருண்டையில் பொட்டுக்கடலையையும் அரைத்துச் சேர்ப்பர். நமது ரோல்ஸிலும் கட்லட்டிலும் உருளைக்கிழங்கு இதே வேலையைச் செய்கிறது. 100 கிராம் உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 80 கிலோகலோரிதான்.

சீகிரியாவுக்கு அண்மையிலுள்ள தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மரக்கறி வந்து குவிகிறது. கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி எதுவாயினும் மெல்லியதாக அரிந்து பாதிக்குப் பாதி சேர்க்கலாம். 250 கிராம் இறைச்சியும் 250 கிராம் மரக்கறியும் சேர்ந்தால் ஏறத்தாழ 735 கிலோகலோரி. 500 கிராமும் இறைச்சியானால் 1270. விலையும் குறையும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இதை எந்த வீட்டுக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காளான் இறைச்சியின் மெல்லும் தன்மைக்குக் கிட்டத்தட்ட வரும். உலர்ந்த சோயாவை ஊறவைத்து, பிழிந்து, கொத்திச் சேர்த்தால் கொழுப்பு மிகக் குறைவு, புரதம் மிகுதி. மரக்கறி நீர் விடும் என்பதால் தனியே வதக்கி நீரை வற்றவைத்த பிறகே சேர்க்கவேண்டும். இல்லையேல் ரோல்ஸ் வெடிக்கும்.

குறைக்கக் கூடாதவை

கொழுப்பைக் குறைக்கும் ஆர்வத்தில் இறைச்சியையே விலக்கிவிடும் மாணவிகளை நான் கண்டிருக்கிறேன். மாதவிடாய் தொடங்கிய வயதில் இரும்பின் தேவை அதிகம். குருதிச்சோகை எளிதில் வரும். இறைச்சியில் உள்ள இரும்பு தாவர உணவிலுள்ளதைவிட எளிதில் அகத்துறிஞ்சப்படும். இறைச்சி உண்ணும் குடும்பத்துப் பிள்ளை கொழுப்பை நீக்கி இறைச்சியை உண்பதே சரி. உண்ணாத குடும்பத்தவர் பருப்பு, கீரை, சோயா என்பவற்றோடு தேசிக்காய்ச் சாறு சேர்த்துக்கொண்டால் அவற்றின் இரும்பு கூடுதலாக அகத்துறிஞ்சப்படும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது இதற்கு நேரெதிரான வேலையைச் செய்யும்.

சமைக்கும் நேரத்தையும் குறைக்காதீர்கள். துண்டு இறைச்சியில் நுண்ணங்கிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். அரைக்கும்போது உட்பகுதி முழுவதும் கலந்துவிடும். 1993இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதி மாநிலங்களில், சரிவர வேகாத அரைத்த மாட்டிறைச்சியால் 700க்கும் அதிகமானோர் நோயுற்றனர். நான்கு பிள்ளைகள் இறந்தனர். நடுப்பகுதி 71 பாகை செல்சியசை அடைய வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில், உள்ளே சிறிதும் இளஞ்சிவப்பு இல்லாதபடியும், வடியும் சாறு தெளிவாக இருக்கும்படியும் வேகவிடுங்கள். சுற்றுலாவுக்கு அதிகாலையில் கட்டிக்கொண்டு போகும் இறைச்சி ரோல்ஸை, சூடான பேருந்தில் நண்பகல் வரை வைத்திருந்து உண்பதும் ஆபத்தே. அறை வெப்பநிலையில் இரண்டு மணித்தியாலம்தான் எல்லை. தம்புள்ளை வெயிலில் அதைவிடவும் குறைவு. அப்படிப்பட்ட பயணத்துக்கு அவித்த கடலையும் வாழைப்பழமும் போதும்.

மாதிரி வினா

ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தில் தாத்தாவுக்கு முடியுரு நாடி நோய், தந்தைக்கு நீரிழிவு, 15 வயது மகளுக்குக் குருதிச்சோகை. தாய் சீகிரியாவிலுள்ள ஹோட்டல் ஒன்றில் வேலை செய்வதால், பாடசாலை விட்டு வந்து இரவுணவைச் சமைப்பவர் மகளே. வீட்டில் 400 கிராம் அரைத்த மாட்டிறைச்சி (கொழுப்பு 20 வீதம்), உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், தேசிக்காய், தேங்காய் என்பன உள்ளன. வெதுப்பி இல்லை.

(1) அந்த இறைச்சியிலுள்ள கொழுப்பிலிருந்து கிடைக்கக்கூடிய சக்தியைக் கிலோகலோரியிலும் கிலோயூலிலும் கணிக்குக.

(2) வறுத்து வடிப்பதால் கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கு நீங்கினால், ஆளொருவருக்குக் குறையும் சக்தி எவ்வளவு?

(3) மூவரின் நிலைமைக்கும் பொருந்தும் ஓர் உணவைத் தெரிந்து, சமைக்கும் ஒழுங்கைப் படிப்படியாக எழுதி, ஒவ்வொரு படிக்கும் காரணம் தருக. (இங்கே உருளைக்கிழங்கின் அளவைத் தீர்மானிக்கும்போது தந்தையை மறந்துவிடாதீர்கள்.)

(4) “தாத்தாவுக்காக எல்லோரும் இறைச்சியை நிறுத்திவிடுவோம்” என்கிறார் தாய். மகள் அதற்கு என்ன பதில் கூறலாம்?

முதல் இரண்டுக்கும் விடை: 720 கிலோகலோரி, 3024 கிலோயூல், ஆளுக்கு 48 கிலோகலோரி. மற்ற இரண்டையும் எழுதி, வகுப்புக்கு வரும்போது கொண்டு வாருங்கள்.